உளவியலாளரைப் பார்க்கப் போகும் முன்: பாதிச் சோதனை வீட்டிலேயே

1896ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் மார்கரெட் மகுவைர் என்ற பள்ளி ஆசிரியை தன் மாணவன் ஒருவனை பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லைட்னர் விட்மரிடம் அழைத்துச் சென்றார். பையனுக்கு வயது 14. மற்ற பாடங்களில் சமாளித்துவிடுவான். எழுத்துக்கூட்டி எழுதச் சொன்னால் மட்டும் திணறுவான். மனதை ஆராயும் அறிவியல் இவனுக்கு உதவுமா என்று தெரிந்துகொள்ள விரும்பினார் ஆசிரியை. விட்மர் பரிசோதித்தபோது பையனுக்குப் பார்வைக் கோளாறு இருப்பது தெரிந்தது. முதலில் கண்ணாடி போடவைத்தார். அதற்குப் பிறகும் மிச்சமிருந்த சிரமத்துக்குத் தனிப் பயிற்சி தரப்பட்டது. உலகின் முதல் உளவியல் சிகிச்சையகம் அந்த ஆண்டு இப்படித்தான் தொடங்கியது.

குழந்தையை உளவியலாளரிடம் அழைத்துப்போக நினைக்கும் பெற்றோருக்கு இதில் இரண்டு செய்திகள் உள்ளன. சிக்கலை முதலில் கண்டவர் வகுப்பு ஆசிரியை. முதலில் சரிசெய்யப்பட்டது கண். உளவியலாளரின் அறைக்குள் நடப்பதற்கு எவ்வளவு மதிப்பு உண்டோ, அதற்கு முன் வீட்டிலும் பள்ளியிலும் நடப்பதற்கும் அவ்வளவு மதிப்பு உண்டு. சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப்போகும்போது வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். காபி குடித்துவிட்டுப் போனால் ஆய்வகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முடிவு தப்பாகத்தான் வரும். குழந்தையின் நடத்தையையும் திறனையும் அளப்பதும் அப்படித்தான். எந்த நேரத்தில் போகிறோம், எதைக் கொண்டுபோகிறோம், குழந்தையிடம் என்ன சொல்லி அழைத்துப்போகிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த அளவை.

முதலில் கண், காது, தூக்கம்

'கவனமே இல்லை', 'கூப்பிட்டால் திரும்புவதில்லை', 'படிப்பில் மந்தம்' என்ற புகார்களில் சில மனம் சார்ந்தவையே அல்ல. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் கேட்கும் திறன் ஒரு வாரம் நன்றாக இருக்கும், அடுத்த வாரம் குறையும். வீட்டில் இதற்கு 'வேண்டுமென்றே காதில் வாங்காமல் இருக்கிறான்' என்று பெயர் வைத்துவிடுவோம். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று குழந்தை தானாகச் சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும்.

மூக்கின் பின்புறச் சதை வளர்ந்து, இரவெல்லாம் வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கும் குழந்தைக்கு ஆழ்ந்த உறக்கம் கிடைக்காது. பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்து உட்காருவார்கள். குழந்தைகள் பலரும் நிலைகொள்ளாமல் ஓடுவார்கள். அது துறுதுறுப்புக் கோளாறு போலவே தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல விட்ட இடத்தில் தொடரும் குழந்தைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு குறைவும்கூடக் கவனத்தைக் கெடுக்கும்.

ஆகவே முதல் சந்திப்பு குழந்தைகள்நல மருத்துவரோடு இருக்கட்டும். பார்வை, கேட்டல் பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு உளவியலாளரிடம் போனால், 'காது பார்த்துட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பும் அலைச்சல் மிச்சமாகும்.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம். உளவியலாளர் பேச்சு, நடத்தைப் பயிற்சி, சோதனைகள் வழியாக வேலை செய்பவர். மருந்து எழுத மாட்டார். ஒரே குழந்தைக்கு இருவருமே தேவைப்படலாம். பேச்சு வரவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளர், அன்றாட வேலைகளில் கை பழகவில்லை என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று அணி விரியும்.

'கவுன்சலர்' என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் அல்லர். குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவரும் அந்தப் பெயரில் இருக்கிறார். அறிவுத்திறன், கற்றல் குறைபாடு போன்றவற்றுக்குச் சோதனை செய்து அறிக்கை தர வேண்டுமென்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரைத் தேடுங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் அமைப்பு அது. பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தனியார் கட்டணத்துக்கு வழியில்லாதவர்களுக்கும் இடங்கள் உண்டு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அவர்கள் சீட்டு எழுதித் தந்தால், டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை அங்கே பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னை முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும், கீழ்ப்பாக்கத்தில் 1794இல் வேர்விட்ட அரசு மனநலக் காப்பகமும் உள்ளன. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் உள்ள 'நம்பிக்கை நிலையம்' என்ற பிரிவில் பெற்றோர் குழந்தையோடு தங்கியே பயிற்சி பெறலாம்.

தொலைபேசியில் நேரம் வாங்கும்போதே நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். முதல் சந்திப்புக்குக் குழந்தையும் வர வேண்டுமா, பெற்றோர் மட்டும் போதுமா? எவ்வளவு நேரம் ஆகும்? கட்டணம் ஒரு சந்திப்புக்கா, மொத்தச் சோதனைக்கும் அறிக்கைக்கும் சேர்த்தா? சோதனை எந்த மொழியில் நடக்கும்?

கடைசிக் கேள்வியை லேசாக விட்டுவிடாதீர்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசி, ஆங்கில வழிப் பள்ளியில் முதல் வகுப்பு படிக்கும் குழந்தையிடம் ஆங்கிலத்தில் 'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால், அளக்கப்படுவது அறிவா ஆங்கிலமா என்ற சந்தேகம் வந்துவிடும். குழந்தை எந்த மொழியில் யோசிக்கிறதோ அந்த மொழி தெரிந்தவர் சோதிப்பது நல்லது.

அம்மா சொல்வதும் டீச்சர் சொல்வதும்

'வீட்டில் தங்கம்போல இருப்பான், பள்ளியில்தான் புகார்' என்று ஒரு தாய் சொல்வார். அதே குழந்தையைப் பற்றி ஆசிரியை எழுதியிருப்பது வேறாக இருக்கும். யார் பொய் சொல்கிறார்கள்? யாருமில்லை. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் அக்கன்பாக்கும் அவருடைய சகாக்களும் 119 ஆய்வுகளைத் தொகுத்து 1987இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரே குழந்தையை ஒரேவகைச் சூழலில் பார்க்கும் இருவரின் மதிப்பீடுகள், உதாரணமாகத் தாயும் தந்தையும், ஏறத்தாழ 0.60 அளவுக்கு ஒத்துப்போயின. பெற்றோர், ஆசிரியர் என வெவ்வேறு சூழலில் பார்ப்பவர்களிடையே அது சராசரியாக 0.28 மட்டுமே. குழந்தை தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் மற்றவர்கள் சொன்னதற்கும் இடையே 0.22. முழு ஒற்றுமைக்கு எண் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0 என்று வைத்துப் பார்த்தால் இந்த இடைவெளியின் அளவு புரியும்.

குழந்தை இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதே இதன் பொருள். நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் உட்கார முடியாதவன் தாத்தாவோடு ஒரு மணி நேரம் செஸ் ஆடலாம். அதனால்தான் கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு என்று முடிவுசெய்ய, அறிகுறிகள் குறைந்தது இரண்டு சூழல்களில் தென்பட வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை மருத்துவ உலகம் வைத்திருக்கிறது. அரை மணி நேரம் தன் அறையில் பார்ப்பதை மட்டும் வைத்து உளவியலாளரால் இதைச் சொல்ல முடியாது. பார்த்தவர்களின் சாட்சியம் வேண்டும்.

வகுப்பு ஆசிரியரிடம் ஒரு பக்கக் குறிப்புக் கேட்டு வாங்குங்கள். 'சேட்டை அதிகம்' என்ற வரியால் பயனில்லை. எந்தப் பாடவேளையில், எத்தனை நிமிடத்தில் எழுந்திருக்கிறான், யாரோடு சண்டை, வீட்டுப்பாடத்தை எழுதி முடிக்கிறானா என்று கேளுங்கள்.

வீட்டில் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று வரி போதும்: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது. 'செவ்வாய், மாலை 6.30. போனை வாங்கினேன். தரையில் புரண்டு இருபது நிமிடம் அழுதாள். பாட்டி போனைத் திருப்பிக் கொடுத்தார்.' இந்த மூன்றாவது வரியில்தான் உளவியலாளரின் கண் நிற்கும். அழுகைக்குப் பலன் கிடைத்தால் அழுகை வளரும் என்பது நடத்தை அறிவியலின் அடிப்படைப் பாடம். 'எப்பப் பார்த்தாலும் அழுறா மேடம்' என்ற வாக்கியத்தில் அந்தத் தகவல் இல்லை. அறையில் காட்டாத கோபத்தையோ விநோதமான கை அசைவையோ செல்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. அதை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

பிரசவ மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், இப்போது கொடுக்கும் மருந்துகள். எத்தனை மாதத்தில் பிறந்தது, பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலைக்கு விளக்கொளியில் வைத்தார்களா, எந்த வயதில் உட்கார்ந்தது, நடந்தது, முதல் வார்த்தை பேசியது, வந்த பேச்சு நின்றுபோனதா என்றெல்லாம் கேட்பார்கள். முதல் நாள் இரவே பாட்டியிடமோ பழைய புகைப்படங்களிலோ சரிபார்த்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள். முதல் பிறந்தநாள் படத்தில் குழந்தை நிற்கிறதா, தூக்கி வைத்திருக்கிறீர்களா என்பதுகூடச் சான்றுதான்.

படிப்பில் சிரமம் என்றால் நோட்டுகளை எடுத்துப்போக வேண்டும். பலரும் அழகாக அட்டை போட்ட நோட்டைத்தான் எடுத்துவருவார்கள். உளவியலாளருக்குத் தேவை சிவப்பு மை நிறைந்த ரஃப் நோட்டும் டிக்டேஷன் நோட்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கம் சுத்தமாக இருந்து, ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய பக்கத்தில் 'பள்ளி' 'பளி'யாகவும் 'மரம்' 'மரபம்' ஆகவும் இருந்தால், ஒலியை எழுத்தாக மாற்றும் இடத்தில் சிக்கல் இருக்கலாம் என்று அந்த இரண்டு பக்கங்களே சொல்லிவிடும்.

முன்பு வேறிடத்தில் சோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையைக் கட்டாயம் காட்டுங்கள். 'புதிதாகப் பார்க்கட்டும்' என்று மறைத்துவைப்பவர்கள் உண்டு. அதே சோதனையைச் சில மாதங்களில் மறுபடி செய்தால், பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடிவிடும். கூடியது திறனா பழக்கமா என்று பிரித்தறிய முடியாது.

கண்ணாடி, காதுக் கருவி, தண்ணீர், பிஸ்கட், மாற்று உடை. இவை சில்லறை விஷயங்களாகத் தோன்றும். ஆனால் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் அன்றைய சோதனையை ஒத்திப்போட வேண்டியதுதான்.

எந்த நாள், எந்த நேரம்?

பள்ளி விட்டு, வேனில் இறங்கி, களைத்து வரும் குழந்தையை மாலை ஆறு மணிக்குச் சோதனைக்கு உட்காரவைத்தால் அளக்கப்படுவது களைப்பு. சோதனைக்குக் காலை நேரம் கேளுங்கள். பள்ளிக்கு ஒருநாள் விடுப்புப் போட்டால் குடி முழுகிவிடாது. சிறு குழந்தை என்றால் வழக்கமாகத் தூங்கும் நேரத்தைத் தவிருங்கள். காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். சளிக்குத் தரும் சில சிரப்புகள் தூக்கத்தை வரவழைக்கும். முதல் நாள் கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். தொடர்ந்து தரும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

அரசு மருத்துவமனை என்றால் ஓ.பி. சீட்டு வாங்கவே நேரமாகும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் குழந்தையோடு வெளியே இருக்கலாம். இருவராகப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பெற்றோரிடம் தனியாகப் பேச வேண்டிய நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்காகப் பெரியப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு பட்டாளமே கிளம்ப வேண்டியதில்லை.

குழந்தையிடம் என்ன சொல்வது?

'சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்' என்று மிரட்டி வளர்த்த குழந்தை, மருத்துவமனை வாசலிலேயே விறைத்துப்போகும். பயந்த குழந்தை பேசாது, கண்ணைப் பார்க்காது, அம்மாவின் புடவையை விடாது. சோதிப்பவருக்கு அது ஆட்டிசமா, கூச்சமா, ஊசிப் பயமா என்று பிரித்தறிவதே முதல் வேலையாகிவிடும். 'பீச்சுக்குப் போறோம்' என்று பொய் சொல்லி அழைத்துவருவது அதைவிட மோசம். அடுத்த முறை நீங்கள் உண்மையாகவே பீச்சுக்குக் கூப்பிட்டாலும் நம்பிக்கை வராது.

சிறு குழந்தைக்கு முதல் நாள் சொன்னால் போதும்; ஒரு வாரம் முன்பே சொன்னால் அது ஒரு வாரப் பயமாகிவிடும். 'நாளைக்கு ஒரு ஆன்ட்டியைப் பார்க்கப் போறோம்டா கண்ணா. அவங்க உன்கூடப் பேசுவாங்க, படம் வரையச் சொல்வாங்க, கட்டை அடுக்கச் சொல்வாங்க. ஊசி கிடையாது. அம்மா வெளியிலதான் உட்கார்ந்திருப்பேன்.' பள்ளிக் குழந்தையிடம் சிரமத்தின் பெயரைச் சொல்லலாம்: 'படிக்கும்போது எழுத்து குழம்புதுன்னு சொன்னியே, அது ஏன்னு கண்டுபிடிச்சு உதவி பண்றவங்க.' 'உனக்கு மூளை சரியில்லையான்னு பார்க்கப் போறோம்' என்ற சொல் விளையாட்டாகக்கூட வாயில் வரக் கூடாது.

பதின்மவயதினரை ஏமாற்ற முடியாது. தேதியிலும் நேரத்திலும் அவர்கள் விருப்பத்தைக் கேளுங்கள். பெண் பிள்ளை பெண் உளவியலாளரிடம் பேச விரும்பினால் அப்படியே ஏற்பாடு செய்யுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் வேண்டாம்: ஒத்திகை. 'கேட்டா இப்படிச் சொல்லு' என்று தயார்படுத்திய குழந்தை, தன்னைப் பற்றிய தகவலுக்குப் பதிலாக உங்கள் தகவலைத் தரும்.

அறைக்குள்

முதல் சந்திப்பில் பெரும்பாலும் பேச்சுதான். அதன் பிறகு சோதனைகள். பிரெஞ்சு மருத்துவர் செகான் பெயரில் ஒரு மரப்பலகை உண்டு. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்துப் பள்ளங்கள், பத்துக் கட்டைகள். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் பொருத்தச் சொல்வார்கள். மூன்று முறை செய்யவைத்து, மிகக் குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பார்கள். நொடிமுள் ஓடிக்கொண்டிருக்கும்போது, 'அது இல்லடா, பக்கத்துல வை' என்று அப்பா குரல் கொடுத்தால் அந்த முறை செல்லாது. உளவியலாளர் நேரத்தை மட்டும் பார்ப்பதில்லை. கட்டையைத் திருப்பிப் பார்த்து யோசித்து வைக்கிறதா, பொருந்தாத இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கிறதா, தோற்றால் எறிகிறதா என்பதையும் குறித்துக்கொள்வார்.

வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் கேள்விகள் பெற்றோருக்கு. தானே சாப்பிடுகிறானா, சட்டைப் பொத்தான் போடுகிறானா, தெருமுனைக் கடைக்குப் போய்வருவானா? இங்கே நம் வீட்டுப் பாசம் குறுக்கே வரும். எட்டு வயதிலும் ஊட்டிவிடும் வீட்டில் 'தானே சாப்பிடுவானா?' என்ற கேள்விக்கு 'சாப்பிடமாட்டான்' என்பது முழு உண்மையல்ல. 'நாங்கள் விட்டதில்லை' என்பதே சரியான பதில். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள்.

குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு அதன் குறைகளை அடுக்காதீர்கள். பொம்மையோடு விளையாடுவதுபோல இருந்தாலும் காது நம் பக்கம்தான் இருக்கும்.

எண்ணும் ரகசியமும்

ஐ.க்யூ. சோதனைகளில் சராசரி 100 வருமாறு அமைத்திருப்பார்கள். ஒரே குழந்தையை இன்னொரு நாள் சோதித்தால் ஐந்தாறு புள்ளிகள் ஏறலாம், இறங்கலாம். ஆகவே 92 வந்தது என்று அழவோ, 118 வந்தது என்று நீட் கோச்சிங்கில் சேர்க்கவோ வேண்டாம். எண்ணைவிட, எந்தப் பகுதியில் பலம், எந்தப் பகுதியில் சிரமம், வீட்டிலும் வகுப்பிலும் என்ன செய்ய வேண்டும் என்ற கடைசிப் பக்கம்தான் அறிக்கையின் உயிர். அது இல்லாத அறிக்கையாக இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 நிலைகளை அங்கீகரிக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்குத் தனியார் அறிக்கை மட்டும் போதாது. அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடத் தொடங்குவதைவிட எட்டாம் வகுப்பிலேயே அந்த வேலையை ஆரம்பித்துவிடலாம்.

சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பிள்ளை தனியாகப் பேசியதையெல்லாம் உங்களிடம் ஒப்பிக்கும்படி உளவியலாளரை நெருக்காதீர்கள். அந்த நம்பிக்கைதான் சிகிச்சையின் முதலீடு. உயிருக்கு ஆபத்து என்றால் அவரே சொல்லிவிடுவார். பாலியல் அத்துமீறல் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளிக்கு முழு அறிக்கையையும் கொடுக்க வேண்டியதில்லை. பரிந்துரைப் பக்கம் போதும்.

ஒரே சந்திப்பில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் இரண்டாம் சந்திப்புக்குள் ஏமாந்து நின்றுவிடுகிறார்கள். சின்னக் குழந்தைகளின் நடத்தைச் சிக்கலில் பாதிப் பயிற்சி பெற்றோருக்குத்தான். நோட்டுப் போடும் பழக்கத்தை அதன் பிறகும் விடாதீர்கள். மாற்றம் வருகிறதா என்று அதில்தான் தெரியும்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளை சாக வேண்டும் என்று பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, திடீரெனச் சாப்பாடும் பேச்சும் நின்றுபோனாலோ, இரண்டு வாரக் குறிப்புக்கும் காலை நேர அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால், 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' இலவச எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மற்ற எல்லாவற்றுக்கும், இன்று இரவே ஒரு நோட்டை எடுத்து முதல் மூன்று வரிகளை எழுதுங்கள்.